ஜீப் வருவதற்குள் ஒரு பியானோ

பியானோவைப் பழுது பார்க்கக் கூப்பிட்டால், அங்கே பியானோ என்று ஒன்று இருக்க வேண்டும். பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் என் மச்சான் அருளப்பன் கொட்டகைக் கதவைத் திறந்து எனக்குக் காட்டியது எலி குடியிருக்கும் மரப்பெட்டி. இதற்காகவா கடல் தாண்டி வரச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்ட விதத்தை இங்கே எழுத முடியாது. அவர் சிரித்தார்.

திருச்சியில் எனக்கு ஆர்மோனியம், பியானோ பழுது பார்க்கும் தொழில். மாதா கோயில்களும் கான்வென்ட் பள்ளிக்கூடங்களும் என் வாடிக்கை. என் மனைவி பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அவள் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியபோது, அண்ணன் அருளப்பன் மட்டும் வர மறுத்துவிட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறார். டாக்டருக்குப் படிக்கவில்லை, ஆனாலும் சனங்களுக்கு அவர் டாக்டரய்யாதான். ஊருக்கு வந்த ஒருவரிடம், பியானோக் கம்பி வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையை உடனே வரச்சொல் என்று சொல்லியனுப்பியிருந்தார். இலங்கையில் அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காது. பியானோக் கம்பி எங்கே கிடைக்கும்? மனைவி நச்சரித்தாள். கிளம்பினேன்.

கப்பல், ரயில் விவரமெல்லாம் எழுதினால் படிக்கிறவருக்குத் தூக்கம் வரும். சுங்கத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கம்பிச் சுருளைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பியானோவுக்கு என்றேன். பியானோ எங்கே என்றார். பதுளையில் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற வியாபாரி மொழிபெயர்த்தார்: "மலையில இருந்த வெள்ளைக்காரன் எல்லாம் போயிட்டான், இந்த ஆள் இப்பத்தான் கம்பியோட வர்றான்னு சொல்றாங்க." சிரித்து முடித்துப் பையை விட்டுவிட்டார்கள். சிரிப்புக்கு நன்றி.

பதுளையில் இறங்கியபோது நல்ல பசி. பாண் வாங்க ஒரு பெரிய வரிசை நின்றது. அந்த நாட்டில் ரொட்டிக்குப் பாண் என்று பெயர். சிலோன் என்றால் வாசனைச் சோப்பும் நைலான் சேலையும் என்று நாங்கள் திருச்சியில் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே பார்த்தால் சனங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைத்தது. கண்ணில் தண்ணீர் வரும் உறைப்பு. நன்றாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். தேநீர்தான் கோபத்தைக் கிளப்பியது. தேயிலை விளைகிற மலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கறுப்புத் தண்ணீரைத் தருகிறார்கள். சீனி கிடையாது. ஒரு துண்டு கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். நல்ல தூள் எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். கப்பலுக்கு என்றார். பறிக்கிறவனுக்குக் குப்பைத்தூள், பார்க்காதவனுக்கு நல்ல தூள். எங்கள் ஊர் நெல்லுக்கும் இதே கதைதான், ஆனாலும் சோறு சோறாகவாவது இருக்கும்.

பதுளைக் கடைத்தெருவில் ஹனிபா நானாவின் துணிக்கடையைத் தேடிப்போகச் சொல்லியிருந்தார் அருளப்பன். அங்கே முஸ்லிம்களை மரியாதையாக நானா என்று அழைக்கிறார்கள், அண்ணன் என்று அர்த்தம். வெள்ளைத் தொப்பி, பெரிய வயிறு, ஓயாத வாய். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "செத்தல் மிளகாய் கொண்டாந்தீங்களா மாஸ்டர்?" நான் மாஸ்டர் இல்லை, காய்ந்த மிளகாயும் கொண்டுவரவில்லை என்றேன். ஒரு வினாடி முகம் வாடியது. பிறகு கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பன் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

உங்களுக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம் என்று பஸ்ஸில் அவரிடம் கேட்டேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனாராம். பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஹனிபா நானா திரைச்சீலைக்காகப் போனார். பியானோவை ஒருவரும் கேட்கவில்லை. இவர் சும்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்திருக்கிறார்.

"அன்னைக்குத் திரைச்சீல வாங்க மறந்துட்டேன்," என்றார். "வீட்டுல இன்னும் ஏசுறாங்க."

யாரும் வாங்காததால் பியானோ தோட்டத்துச் சொத்தாகவே கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனது. அது முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவர் பன்னோடு பஸ் ஏறுகிறார்.

பாதி வழியில் பாதையை மண் மூடியிருந்தது. மழைக்காலத்தில் அங்கே இது வாடிக்கையாம். எல்லோரும் இறங்கினார்கள். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கண்டக்டர் என் கருவிப்பெட்டியைத் தட்டிச் சிங்களத்தில் கேட்டதை ஹனிபா நானா சொன்னார்: பெட்டியில் மண்வெட்டி இருந்தால் எடு, இல்லாவிட்டால் கையால் அள்ளு. திருச்சியில் பஸ் நின்றால் நாங்கள் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு நிழலில் உட்காருவோம். இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் மண் அள்ளினேன். நானா பன் பொட்டலத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, யார் எந்தக் கல்லைத் தூக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி வந்து சேர்ந்துதான் அந்த எலிப்பெட்டியைப் பார்த்தேன். தாழ்ந்த சுரக் கம்பிகள் துருவேறி அறுந்து கிடந்தன. மேல் பக்கம் ஈரத்தில் ஊறிச் சுத்தியல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நடுவில் மட்டும், ஒருவர் கையை அகல விரித்தால் எட்டுகிற அளவுக்கு, சத்தம் வந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அருளப்பன் ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார். வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுப்போன பெட்டியில் இருந்ததாம். ஐரோப்பாவில் ஏழெட்டு நூறு வருஷத்துக்கு முன்னால் மடங்களிலும் மாதா கோயில்களிலும் பாடிய பாட்டுகளைப் பியானோ பழகுகிறவர்களுக்காக அச்சடித்த புத்தகம்.

"பெட்டி நெறையப் புஸ்தகம் கெடந்துச்சு மாப்ள," என்றார். "எதை எடுத்தாலும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடச் சொல்லுது. அங்கெல்லாம் சத்தமே இல்ல. இது ஒண்ணுதான் நடுவுலயே இருக்குது."

இப்படித்தான் பதுளை மலையில் மூன்று பேர் இந்தப் பழைய சங்கீதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆசையும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. எலி விட்டுவைத்தது அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள் பாக்கியம்மா. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் அறையைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்கிறார்கள். அங்கே ஆயா அவர். முன்பு பங்களாவில் வேலை. துரைசாணி பியானோ வாசிக்கும்போது பக்கத்தில் நின்று புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது அவர் பொறுப்பு. முதலில் துரைசாணி தலையாட்டினால் திருப்பினாராம். போகப்போகத் தலையாட்டுவதற்கு முன்பே கை போய்விட்டது; அந்தச் சுர எழுத்தை மற்ற இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். கட்டையைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அன்று சாயங்காலம் வாசித்துக் காட்டினார்கள். ஒரே பெஞ்சில் மூன்று பேர். ஹனிபா நானாவின் வயிற்றுக்கே பாதி பெஞ்சு போய்விட்டது. ஆளுக்கு ஒரு கை, மற்றக் கை மடியில். நானா மேல் குரல், அருளப்பன் நடுக்குரல். இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி அடுத்தடுத்து நடக்கின்றன. அடியில் பாக்கியம்மா ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்தி வைக்க வேண்டும். நான் சின்ன வயதில் கேட்ட லத்தீன் பூசை ஞாபகம் வந்தது. நானா, எங்கள் பள்ளிவாசலில் மௌலூது ஓதுற மாதிரி இருக்கு, இல்லையா என்றார். இல்லை என்றேன். எனக்கு உண்மையில் பிடித்திருந்தது. வெறுமையாக, எண்ணெய் தடவாத தலை மாதிரி இருந்தது அந்தச் சங்கீதம்.

ஆனால் பாக்கியம்மா செய்ததைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. நிறுத்தி வைக்க வேண்டிய சுரத்தை அவர் டக், டக், டக்கட டக் என்று அடித்துக்கொண்டே இருந்தார். அது என்ன என்று கேட்டேன். பெரட்டுத் தப்பு என்றார் அருளப்பன். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அதற்கு ஆள் சேர்க்க, லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றிலும் தப்பு அடிப்பார்கள், எங்கள் ஊர்ப் பறை மாதிரி.

"எழுதியிருக்கிறதை வாசிங்கம்மா," என்றேன்.

"எழுதியிருக்கிற மாதிரி வாசிச்சா சத்தம் நிக்க மாட்டேங்குதுங்க. நாலு எண்ணுறதுக்குள்ள அடங்கிப்போவுது. புஸ்தகத்துல எட்டு எண்ணச் சொல்லுது."

"அதுக்காக மாதா கோயில் பாட்டுல தப்பு அடிப்பீங்களா?"

"எனக்குத் தெரிஞ்ச நீளமான சத்தம் அதுதாங்க."

பேசுவதில் எனக்குச் சளைத்தவர் இல்லை அந்த அம்மா.

மறுநாள்தான் விஷயத்தின் அவசரம் எனக்குப் புரிந்தது. வேலையைத் தொடங்கி எலிக்கூட்டை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆசாரி வந்து நாடாவைப் பிடித்துப் பியானோவை அளந்தார். "ஐயா, இது தேக்குங்களா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். பெஞ்சு செய்ய என்றார். துரத்தினேன். அருளப்பன் பிறகு சொன்னார்: தோட்டத்துக்குப் புது ஜீப் வருகிறது, கொட்டகை அதற்கு வேண்டும். அரசாங்கம் அனுப்பிய இப்போதைய துரை சிங்கள இளைஞர், கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கானவர். பிள்ளைக்காம்பராவுக்கு எடுத்துப் போகிறோம் என்று பாக்கியம்மா போய்க் கேட்டிருக்கிறார். அங்கே இருக்கிற இடமே பிள்ளைகளுக்குப் போதவில்லை, அதில் இந்த மலையா என்றாராம் துரை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூப்பிட்டு வாசியுங்கள், அவர்கள் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆசாரிக்கு என்று சொல்லியிருக்கிறார்.

இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? அருளப்பன் என் மனைவியின் அண்ணன் என்பது அந்த மாதிரி நேரங்களில்தான் நன்றாகத் தெரியும்.

முழுப் பியானோவையும் சரி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன். கொண்டுவந்த கம்பியைப் போட்டு நடுப்பகுதியை மட்டும் செய்தேன். திருச்சியில் இப்படி அரைகுறை வேலை செய்தால் யாரும் என்னை வாசலில் சேர்க்கமாட்டார்கள். சுத்தியலுக்குக் கம்பளித் துணி வேண்டும். ஹனிபா நானா தன் கடையில் விற்காமல் கிடந்த வெள்ளைக்காரத் தொப்பிகளைக் கொண்டுவந்தார். அவற்றை வெட்டி ஒட்டினேன். கம்பியை முறுக்கும் ஆணிகள் ஓட்டையில் ஆடின. உப்புத்தாளைச் சுற்றி அடித்து இறுக்கினேன். இது எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று பாக்கியம்மா கேட்டார். பியானோவை அசைக்காமல் வைத்தால் நிற்கும் என்றேன். அசைக்கத்தானேங்க போறோம் என்றார்.

இடையில் ஒரு நாள் மருந்து வாங்கப் போன அருளப்பனோடு லுணுகலை ஊருக்குப் போனேன். சம்பளம் வாங்கிய தோட்டத்துச் சனங்களால் கடைத்தெரு நிறைந்திருந்தது. அங்கே கொழுத்த ஆட்டுக்கறியும் பிட்டும் சாப்பிட்டேன். அந்த மலையில் நான் வயிறாரச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான். திரும்பும்போது லாரியில் உரமூட்டை மேல் உட்கார்ந்து வந்தோம். வழியெல்லாம் அருளப்பன் கவலைப்பட்டார். பெரட்டுத் தப்பைப் பியானோவில் அடித்தால் துரை கேலி என்று எடுத்துக்கொள்வார், ஆட்களும் சிரிப்பார்கள், எல்லாம் கெட்டுவிடும் என்றார். நான் ஆமாம் என்றேன். எனக்கு என் காரணம், அவருக்கு அவர் காரணம். இரண்டு பேரும் சேர்ந்து பாக்கியம்மாவைப் பேசிப்பேசி மடக்கினோம். ஹனிபா நானா மட்டும், அவங்க அடிச்சா என்ன, நல்லாத்தானே இருக்கு என்றார். அவரை யார் கேட்டார்கள்? கடைசியில் பாக்கியம்மா, சரிங்க, புஸ்தகத்துல இருக்கிறபடியே வாசிக்கிறேன் என்றார். முகம் கல் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது, ஆனால் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டகைக்கு முன்னால் சாக்கு விரித்துச் சனங்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், மடியில் பிள்ளைகள். ஆண்கள் சிலர் தள்ளி, மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் வந்தோம் என்று கணக்குக் காட்டத்தான் வந்திருந்தார்கள். துரை ஒரு நாற்காலியில். ஆசாரி துரைக்குப் பின்னால் நின்றார். நாடா அவர் சட்டைப்பையில் இருந்தது. நான் பார்த்தேன்.

தொடங்கினார்கள். எழுதியிருந்தபடியே வாசித்தார்கள், ஒரு பிழை இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. பாக்கியம்மா அடிச்சுரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். அது மெல்லச் சாகும். அதற்கு மேல் இரண்டு குரல்களும் தரையில்லாமல் அந்தரத்தில் நடந்தன. கூரைத் தண்ணீரின் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. ஒரு பிள்ளை அழத் தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொண்டது. யாரோ கொட்டாவி விட்டார்கள். துரை பங்களாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் தொப்பிக் கம்பளியும் உப்புத்தாளும் பெஞ்சுப் பலகையாகப் போவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாட்டின் பாதியில் பாக்கியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. அடிச்சுரத்தில் கையை வைத்து அடித்தார். டக், டக், டக்கட டக்.

சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கையில் சீட்டோடு எழுந்து நின்றுவிட்டான். பழக்கம். பக்கத்தில் இருந்தவன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். முன்னால் இருந்த ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமையும் பெரட்டா? நான் வரலப்பா, பேர வெட்டுனா வெட்டிக்கங்க."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் கையை எடுக்கவில்லை. நானாவும் விடவில்லை. சிரிப்பு அடங்கியபோது பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதற்குத் தரை இருந்தது. சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. கை தட்டுவது அங்கே வழக்கமில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் வாசிங்க என்று மட்டும் ஒரு குரல் வந்தது. வாசித்தார்கள்.

துரை எழுந்து வந்தார். தோட்டத் தமிழ் பேசுவார். ஏன் அந்தப் பாட்டில் பெரட்டுத் தப்பு என்று பாக்கியம்மாவிடம் கேட்டார். என்னிடம் சொன்ன அதே பதிலைச் சொன்னார் பாக்கியம்மா. துரைக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கூட்டத்தைப் பார்த்து, இது உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். துரை கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகாத சனங்கள்.

பிறகு, பெரட்டுக்கு வரமாட்டேன் என்ற அதே பெண் எழுந்தாள். இடுப்பில் பிள்ளை.

"தொரை, அந்தத் தப்புச் சத்தம் கேட்டாலே இவன் அழுவான். ஆத்தா மலைக்குப் போவப்போறான்னு தெரியும். தெனம் அழுவுறான். இன்னைக்கு அழலீங்க."

அப்போதுதான் நானும் கவனித்தேன். பிள்ளைகள் எல்லாம் எப்போது அழுகையை நிறுத்தின என்று எனக்குத் தெரியவில்லை.

துரை அந்தப் பையனைப் பார்த்தார். அவன் பன் தின்றுகொண்டிருந்தான், ஹனிபா நானாவின் பன். பன்னுக்காகவும் அழாமல் இருந்திருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. துரை ஆசாரியிடம் திரும்பி, பிள்ளைக்காம்பரா வாசற்படி எவ்வளவு அகலம் என்று அளந்து வா என்றார்.

மறுநாள் பியானோவைத் தூக்கினார்கள். மூங்கில் கட்டி, சாமி தூக்குகிற மாதிரி, சேற்றில் வழுக்கி வழுக்கி, திட்டித் திட்டித் தூக்கினார்கள். நானும் திட்டினேன், ஆனால் திட்டுவதில் அந்த மலைக்காரர்களுக்கு முன்னால் என் வாய் ஒன்றுமில்லை என்று அன்று தெரிந்தது. ஆசாரி வாசலின் ஒரு நிலையைக் கழற்றி, பியானோ உள்ளே போனதும் திரும்ப மாட்டினார். அடியில் ஈரம் ஏறாமல் ஒரு பலகைத் தட்டும் செய்து கொடுத்தார். தொட்டில்களைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டதும் இடமும் வந்துவிட்டது. லுணுகலைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருந்திருக்கிறார். புத்தகத்திலிருந்து இரண்டு பாட்டை எழுதித் தரச்சொல்லி ஹனிபா நானாவிடம் கேட்டாராம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பியானோ இல்லை, பாடிப் பார்க்கிறோம் என்றாராம். நானா பதுளைக்குப் போகும்போதே தன் கடை பில் தாளின் பின்பக்கத்தில் கோடு போடத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நாள் விடியலில் கிளம்பினேன். பதுளைக்கு முதல் பஸ். பனி இறங்கி லயத்து விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. மேலே பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். டக், டக், டக்கட டக். கூடையை முதுகில் மாட்டிய பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்தார்கள். சில பிள்ளைகள் அழுதன. எல்லாம் நின்றுவிட்டது என்று எழுதமாட்டேன்.

உள்ளே பாக்கியம்மா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மேல் குரலை வாசித்துக்கொண்டிருந்தார். அடிக்குரல் அவருக்குத் தேவைப்படவில்லை. அது மலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாசலில் பிள்ளையைக் கொடுத்த ஒருத்தி அந்த மேல் குரலை முணுமுணுத்துக்கொண்டே மலையேறிப் போனாள்.

நான் ரோட்டில் நின்று கேட்டேன். மூன்றாவது சுரம் இறங்கியிருந்தது. தூக்கி வந்ததில் ஆணி தளர்ந்துவிட்டது. நான்தான் அப்போதே சொன்னேனே. அவர் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் பல் கூசியது. மேலே போனவளும் அந்தச் சுரத்தை அப்படியே இறக்கித்தான் பாடிக்கொண்டு போனாள். இப்படியே விட்டால் மலை முழுக்க இப்படித்தான் பாடும்.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. பஸ் போகட்டும் என்று கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா," என்றேன்.